கைக்காசு நோயாளி பெருமாள்

1

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி செலவில் சும்மா கிடைக்கிற வைத்தியத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு, கைக்காசு கொடுத்து, பொய்ப் பெயரில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, அதன் பலனாகக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு மருந்து கடத்துகிறவன் என்று பிடிபட்ட ஒரே கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, மலாய் நாட்டின் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நான்தான். வேறு யாராவது இருந்தால் அவர் புத்திசாலி, எழுதி ஒப்புக்கொள்ளமாட்டார்.

இதை எழுதும்படி செய்தது மாயவரத்திலிருந்து வந்த என் மைத்துனரின் கடிதம். “அங்கே தோட்டத்தில் உங்களுக்கு வைத்தியமெல்லாம் இலவசமாமே? இங்கே டாக்டர் வீட்டு வாசற்படியில் கால் வைத்தாலே காசு. கொடுத்து வைத்தவர்கள் ஐயா நீங்கள்” என்று பெருமூச்சு விட்டிருந்தார். அதே கடிதத்தில் ஒரு புகாரும் இருந்தது. என் மகள் மங்கை அவருக்கு, “நேத்து பாசாருக்குப் போனோம் மாமா, ஒரே ஹூஜான் லா” என்று எழுதியிருந்தாளாம். இதில் எது தமிழ் என்று அடிக்கோடிட்டு அனுப்பச் சொல்கிறார்.

பாசார் என்றால் சந்தை, ஹூஜான் என்றால் மழை என்று பதில் போட்டுவிட்டேன். ‘லா’வுக்கு மட்டும் பொருள் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பத்து வருஷமாக நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்; போன மாதம் என் வாயிலிருந்தே ஒன்று விழுந்துவிட்டது.

வைத்தியத்தைப் பற்றிய கேள்விக்குத்தான் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை.

2

எங்கள் தோட்டம் ரந்தாவிலிருந்து லிங்கி போகிற சாலையில், உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் ரப்பர் மரம், அதற்குப் பின்னாலும் ரப்பர் மரம், அதற்கும் பின்னால் காடு. காட்டுக்குள் துப்பாக்கியோடு சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு துப்பாக்கியோடு வேறு சிலர் போகிறார்கள். ஊரில் இதற்கு யுத்தம் என்று பெயர் சொல்வோம். இங்கே அவசரகாலம் என்கிறார்கள். யுத்தம் என்று சொல்லிவிட்டால் லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் எரிந்த ரப்பருக்கு நஷ்டஈடு தரமாட்டார்களாம். அதனால்தான் இந்த மரியாதையான பெயர் என்று எங்கள் ஆபீசில் பேச்சு. மனுஷனுக்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன, குண்டு பட்டால் வலிக்கும். ரப்பருக்கு அப்படியில்லை போலிருக்கிறது.

ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. வாசலில் காவல்கூடம். பால்வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். காட்டுக்குப் போவதற்குள் கெட்டுவிட வேண்டுமாம். மருந்துக்கும் இதே கதி. சீட்டு இல்லாத மருந்தெல்லாம் காட்டுக்குப் போகிற மருந்து.

வைத்திய ஏற்பாட்டில் குறையே சொல்ல முடியாது. வெட்டு ஆட்களுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியும், அதில் யாழ்ப்பாணத்து டிரெஸர் சின்னத்தம்பியும் உண்டு. காயம் கட்டுவதிலிருந்து பிரசவம் வரைக்கும் அவர்தான். எங்களைப் போன்ற ஆபீஸ்காரர்கள், தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரான தொரை கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு சிரம்பான் டவுனில் கம்பெனி டாக்டரைப் போய்ப் பார்க்கலாம். அவர் நம்மிடம் ஒரு காசு கேட்கமாட்டார். மாதக் கடைசியில் கம்பெனிக்குப் பில் அனுப்புவார். அதில் யார் வந்தார், என்ன நோய், எந்த இடத்தில், என்ன மருந்து என்று எல்லாம் இருக்கும். அந்தப் பில்லை நோய்ப் பதிவேட்டில் ஏற்றுவது இரண்டாம் கிராணியின் வேலை. இரண்டாம் கிராணி நான்.

ஏற்றினதோடு நின்றிருந்தால் இன்றைக்கு இதை எழுதவேண்டி வந்திருக்காது. நான் வாசித்தும் காட்டுவேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை, தொரை வெளியே போனதும், ஆபீசில் கச்சேரி. பெரிய கிராணிக்கு அக்குளில் படை. ஸ்டோர் கிராணி மாணிக்கம் தங்கப்பல்லை விழுங்கிவிட்டு மூன்று நாள் காத்திருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் ‘பொருள் திரும்பக் கிடைத்தது’ என்று குறிப்பு எழுதியவனும் நானே. மாணிக்கத்தைத் தவிர எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

3

அப்படிப்பட்டவனுக்கு மூலம் வந்தது.

மூன்றே எழுத்து. வெளியே சொல்ல ஒரு மாதம் போதவில்லை. டைப்ரைட்டர் முன்னால் இருப்பது பலகை ஸ்டூல். அதில் உட்காருவதும் அடுப்பில் உட்காருவதும் ஒன்றாகிவிட்டது. நின்றுகொண்டே டைப் அடித்தேன். கேட்டவர்களிடம், சீமையில் இப்போது எல்லாக் கிராணிகளும் நின்றுகொண்டுதான் அடிக்கிறார்கள், முதுகெலும்புக்கு நல்லதென்று ஒரு பத்திரிகையில் படித்தேன் என்றேன். நிறையப் படிக்கிறவன் என்ற பெயர் எனக்கு உண்டு, நம்பினார்கள். பெரிய கிராணி இரண்டு நாள் நின்றுகொண்டே கணக்கு எழுதியும் பார்த்தார்.

என் மனைவி விசாலத்திடம் சொல்லவில்லை. சொன்னால் கருணைக்கிழங்கு தேடி நாலு லயத்திலும் விசாரிப்பாள், எதற்கென்று கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்வாள். டிரெஸரிடமும் போகவில்லை, அவர் குரல் அப்படி. ஆஸ்பத்திரிக்குள் அவர் ரகசியம் பேசினால் ரப்பர் மரங்கள் திரும்பிப் பார்க்கும். கம்பெனி டாக்டரோ பில் அனுப்பிவிடுவார். அந்தப் பில் என் மேஜைக்கே வரும், நானே அதை ஏற்றவேண்டும். கச்சேரி நாளில் மாணிக்கம் என் பின்னால் வந்து நின்றுகொண்டு, “இந்த மாசம் என்ன விசேஷம் ஐயா, வாசிங்க” என்பார்.

ஆகவே, சிரம்பானில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சீன டாக்டரிடம் போனேன். வாசலில் இருந்த கம்பவுண்டர், “எந்த எஸ்டேட்? கடிதம் எங்கே?” என்றார்.

“எஸ்டேட் இல்லை. கைக்காசு” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற மகிமையை அன்றுதான் கண்டேன். பெஞ்சியில் எஸ்டேட் கடிதத்தோடு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் நேரே உள்ளே போனேன். பெயர் கேட்டார்கள். என் பெயர் வைத்தியநாதன். தீராத வினையெல்லாம் தீர்க்கிற வைத்தீஸ்வரன் கோயில் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு இந்த வியாதிக்கு டாக்டரிடம் வந்து நிற்பது சாமிக்கே அவமானம். தவிரவும், எப்படியாவது தோட்டத்துக்குச் சேதி போய்விட்டால்? “பெருமாள்” என்றேன். நெற்றியில் விபூதிக் கீற்று இருப்பவனை வைணவப் பெயருக்குள் யாரும் தேடமாட்டார்கள் என்று அந்த நேரத்து மூளைக்குத் தோன்றியது. கம்பவுண்டரும் சீனர், டாக்டரும் சீனர் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அந்த வியாதியின் ஆங்கிலப் பெயரை மற்றவர்களுக்காக எத்தனையோ தடவை டைப் அடித்திருக்கிறேன். எனக்கென்று வந்தபோது வாயில் வரவில்லை. கூச்சத்தில் கடைத்தெரு மலாய்க்குத் தாவி, பின்பக்கம் வலி என்றேன். டாக்டர் என் முதுகெலும்பைக் கழுத்திலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். “இன்னும் கீழே, இன்னும் கீழே” என்று வழி சொன்னேன். கடைசியில் அவருக்குப் புரிந்தது. சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். ஒரு டப்பா களிம்பும் ஒரு புட்டி மருந்தும் கொடுத்தார். அவர் கேட்ட பணத்தைக் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

கம்பெனி கட்டுகிற இடத்தில் டாக்டர் முதலில் கடிதத்தைப் பார்ப்பார், அப்புறம் நம்மை. கைக்காசு கொடுக்கிற இடத்தில் கடிதமே இல்லாததால் நம் முகத்தைத்தான் பார்த்தாகவேண்டும். என் உடம்பு எந்தக் காகிதத்திலும் ஏறாமல் எனக்கே எனக்கென்று இருந்தது. பஸ்ஸில் சிரம்பானிலிருந்து ரந்தாவ் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். ஆனாலும் ராஜா மாதிரி வந்தேன்.

4

முதல் தடவை காவல்கூடத்தில் என் பையை யாரும் தொடவில்லை. கிராணி ஐயா பையில் என்ன இருக்கும், புஸ்தகம் இருக்கும். இரண்டாம் தடவை போய்த் திரும்பிய சனிக்கிழமை மத்தியானம் நிலைமை வேறு. தொரை பையானாலும் திறந்து பார் என்று அன்று காலையில்தான் மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது.

காவல் நின்ற யூசோப் மலாய்க்காரர், தங்கமான ஆள், எங்களோடு பழகித் தமிழும் பேசுவார். “மன்னிக்கணும் கிராணி, ஆர்டர் லா” என்று பையைத் திறந்தார். களிம்பு டப்பாவை வெளியே எடுத்தார். புட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“மருந்தா? சீட்டு இருக்கா?”

“இல்லை.”

“இதுல பேரு பெருமாள்னு போட்டிருக்கு. யாரு பெருமாள்? நம்ம எஸ்டேட்ல பெருமாள் இல்லையே.”

உண்மைதான். எங்கள் தோட்டத்தில் முனியாண்டி ஏழு பேர், ராமசாமி ஐந்து பேர் இருக்கிறார்கள். பெருமாள் ஒருவர் கூட இல்லை. ஆள்கணக்கு எழுதுகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

யூசோப் என்னைப் பார்த்தார், பிறகு காட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழி எனக்கும் தெரிந்தது. பக்கத்து அறைக்குள் இருந்த சார்ஜன்ட் சூசையைக் கூப்பிட்டார்.

5

சூசை சிரம்பான்காரர். எங்கள் ஆபீசில் வாரம் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கிறவர். அதனாலேயே அன்றைக்கு அதிகம் சங்கடப்பட்டார்.

“ஐயா, உக்காருங்க.”

“நிற்கிறேன்.”

“ஏன், பயமா?”

“இல்லை, பழக்கம்.”

பெருமாள் யாரென்று கேட்டார். நான்தான் என்றேன். என் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “இதுல வைத்தியநாதன்னு இருக்கே?” என்றார். மருந்து எதற்கு என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். அவர் முகம் மாறிற்று.

“ஐயா, வெளையாடாதீங்க. போன மாசம் சடையன் கதை தெரியுமில்ல?”

தெரியும். மூணாம் லயத்துச் சடையன் சைக்கிள் பம்புக்குள் அரிசி வைத்துக்கொண்டு போனார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை கிடையாது, சும்மாவே எத்தனை நாளானாலும் வைத்திருக்கலாம், வேண்டுமானால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடலாம். அவர் சம்சாரம் தினம் ஆபீசுக்கு வந்து, ஏதாவது காகிதம் வந்ததா என்று கேட்பார். இல்லையம்மா என்று சொல்வதும் என் வேலைதான். விசாலம் அதே வாசலில், மங்கை கையைப் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியோடு வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அதை நகைச்சுவையாக எழுத எனக்குத் திறமை போதாது.

“சார்ஜன்ட், எனக்கு மூலம்” என்றேன்.

சூசை புட்டியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அதுக்குக் கம்பெனி டாக்டர்கிட்டப் போனா சும்மா பார்ப்பாரே.”

“தெரியும்.”

“சும்மா கெடைக்கிறத விட்டுட்டு யாராவது காசு கொடுத்துப் பாப்பாங்களா ஐயா? நீங்களே சொல்லுங்க. இத நான் மேல என்னன்னு எழுதுறது? சொந்தக் காசுல, வேற பேருல, சீட்டு இல்லாம. இது மூலமா லா? இது கேஸ்.”

எனக்கே அவர் பக்கம் நியாயமிருப்பதாகப் பட்டது.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று கெஞ்சினேன். போட்டார். வைத்தியநாதன் என்று யாராவது வந்தாரா என்று கேட்டார். அப்படி யாரும் வரவேயில்லை என்றார் டாக்டர். பெருமாள்? ஓ, பெருமாள் வந்தாரே, இரண்டு தடவை வந்தார், கைக்காசு, மிகவும் மரியாதையான மனிதர். என்ன வியாதி? அதை மட்டும் சொல்லமாட்டேன், நோயாளியின் ரகசியம் என்று போனை வைத்துவிட்டார். நான் காசு கொடுத்து வாங்கிய ரகசியத்தை அந்த மனுஷன் ஒரு குன்றிமணி குறையாமல் காப்பாற்றினார்.

சூசை பெருமூச்சு விட்டார். “பெருமாள் நெசமாவே இருக்காரு ஐயா. நல்லவராம்.”

என்னிடம் போனைக் கொடுங்கள் என்றேன். யோசித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது; டாக்டர் பூட்டிக்கொண்டு போய்விட்டார். இனி திங்கட்கிழமைதான். அதுவரை என்னைச் சிரம்பான் லாக்கப்பில் வைப்பதைத் தவிர வழியில்லை, லாரி வரும் என்றார்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. விசாலம் மங்கையை இழுத்துக்கொண்டு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் அழவில்லை. “என்னங்க, என்ன பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட லாரியில் ஏறுவது சுலபமாக இருக்கும் போலிருந்தது. ஆனால் லாரியில் ஏறினவர்கள் எல்லாரும் இறங்கி வருவதில்லை.

“டிரெஸரைக் கூப்பிடுங்கள்” என்றேன். “அவர் பார்த்துச் சொல்லட்டும்.”

சின்னத்தம்பி வந்தார். காவல்கூடத்தில் கதவு கிடையாது. யூசோப் தன் மழைக்கோட்டை வாசலில் பிடித்துக்கொண்டு, மரியாதையாக வெளியே பார்த்தபடி நின்றார்.

“என்ன கிராணியார், இதை எனக்கெல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்? வெக்கப்படாதேங்கோ. இருவது வருஷமா நான் பாக்காததோ? கொஞ்சம் குனியுங்கோ. இன்னும் கொஞ்சம்.”

குனிந்தேன். அந்த நிலையில் மனிதன் எதையாவது பார்த்துத்தான் ஆகவேண்டும். எதிர்ச் சுவரில் சந்தேக ஆட்களை அடையாளம் காணும் விதம் பற்றி அரசாங்கம் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. மூன்று மொழியிலும் படித்து முடித்தேன்.

“ஐயோ, நல்லா முத்திப்போச்சு!” என்று டிரெஸர் அறிவித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அறுபது பேர் கேட்டார்கள். “சார்ஜன்ட், இந்த வியாதி இவருக்குத்தான். ஒரு மாசத்துக்கு மேலை. இந்தக் களிம்பும் இதுக்குத்தான், பூசின அடையாளமும் கிடக்கு. நீரும் ஒருக்கா வந்து பாக்கிறீரோ?”

“வேணாம், வேணாம்! நான் நம்புறேன்!” என்று சூசை கத்தினார்.

கூட்டத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை, “அட, இதுக்குத்தானா நின்னுக்கிட்டே அடிச்சாரு!” என்றாள். விசாலம் அப்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கிற்று.

6

என்னை விட்டுவிட்டார்கள். ஆனால் காகிதம் விடவில்லை. டிரெஸர் கைப்பட எழுதிய சர்ட்டிபிகேட்டை யாராலும் படிக்க முடியவில்லை. டைப் அடித்து நாலு பிரதி வேண்டும் என்றார் சூசை. போலீசுக்கு ஒன்று, சிரம்பானுக்கு ஒன்று, தொரைக்கு ஒன்று, ஆபீஸ் பைலுக்கு ஒன்று. தோட்டத்தில் டைப் அடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். திங்கட்கிழமை காலை, நாலு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து, என் பின்பக்கத்தின் நிலவரத்தை நானே அடித்தேன். இடம், அளவு, எத்தனை நாளாக, எல்லாம். நின்றுகொண்டுதான்.

தொரை தன் பிரதியைப் படித்துவிட்டு, வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, உடனே கம்பெனி டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். போனேன். பெஞ்சியில் இரண்டு மணி நேரம். டாக்டர் கடிதத்தைப் பார்த்தார், அப்புறம் என்னை. நன்றாகத்தான் பார்த்தார், வியாதியும் தணிந்துவிட்டது. பில் வந்தது. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆபீசில் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மாணிக்கம் மட்டும் எழுந்து நின்று, “வாசிங்க ஐயா, கேப்போம்” என்றார். வாசித்தேன். முழுசாக வாசித்தேன். இத்தனை வருஷத்தில் மாணிக்கம் அவ்வளவு சிரித்துப் பார்த்ததில்லை. தங்கப்பல் நன்றாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வீட்டில் நிலைமை சுமுகம். “பெருமாள் சாப்பிட வர்றாரா, வைத்தியநாதன் வர்றாரா?” என்று விசாலம் சமையலறையிலிருந்து கேட்கிறாள். கருணைக்கிழங்கு வாரம் மூன்று நாள். மங்கையிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ, “உங்க வீட்டுல பெருமாள்னு ஒருத்தர் ஒளிஞ்சிருக்காராமே” என்று கேட்டிருக்கிறார்கள். “அது எங்கப்பாதான் லா” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த ‘லா’வுக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே மைத்துனருக்கு என் பதில் இது. ஆம், இங்கே வைத்தியம் இலவசம்தான். அதற்கு நாம் கொடுக்கிற விலை, நம் உடம்பைப் பற்றி நாலு பேருக்குத் தெரிந்துவிடுவது. அந்த நாலு பேருக்குத் தெரியக் கூடாதென்று நான் சொந்தக் காசு கொடுத்தேன். அறுபது பேருக்குத் தெரிந்தது. ஊரில் நீங்கள் டாக்டருக்குக் கையில் காசு கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, நீங்கள் யாரென்று யாரும் கேட்பதில்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்று உங்களுக்குத் தெரியாது.

இந்த அளவில் கடிதத்தை முடித்து, ஒரு பெரிய ஆபத்திலிருந்து மானத்தை விலையாகக் கொடுத்துத் தப்பியவன் என்ற கௌரவத்தோடு தபாலில் சேர்க்கப் போனேன். காவல்கூடத்தில் சூசை நிறுத்தினார். மேலிடத்திலிருந்து என் கேசுக்குப் பதில் வந்துவிட்டதாம்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. காட்டுக்குப் போகக்கூடாத மருந்து லிஸ்டு ஒண்ணு இருக்கு. அதுல உங்க களிம்பும் இல்லியாம், அந்தப் புட்டியும் இல்லியாம். புட்டில இருந்தது வெறும் பேதி மருந்தாம். அது காட்டுக்குள்ள போனா நமக்கு நல்லதுதானே, அத எதுக்குய்யா புடிச்சேன்னு எனக்கில்ல திட்டு உளுந்துச்சு!”